வம்பன் (புதுக்கோட்டை மாவட்டம்) பக்கத்து டீச்சரம்மா: நேரில் பார்த்தவங்க எழுதுங்க

செம்மண்காடு:
ஈராசிரியர் பள்ளி டீச்சரைப் பத்தித்தான் சொல்றேன். இங்க பாதிப் பேருக்கு யாருன்னு தெரியும். தவறிட்டாங்க. கண்ணீர் அஞ்சலி சுவரொட்டியில் அவங்க பேருக்குக் கீழ "ஓய்வுபெற்ற ஆசிரியை", கணவர் பேருக்குக் கீழ "விவசாயி". அவங்க வீட்டு நிலக்கடலைக்காடு யார் கையில் நடந்ததுன்னு ஊருக்கே தெரியும். அதான் மனசுல நிக்குது.

பார்த்தது ஒரு காலை நேரம். விதைச்சு 40 நாள் ஆன கடலை. சேலையை இழுத்துச் செருகிக்கிட்டு காட்டோட நாலு மூலையிலும் மூலைக்கு ஒரு செடி பிடுங்கினாங்க. பூவை எண்ணல. பூ வாடி விழுந்த கணுவிலிருந்து கீழே இறங்குற விழுதை மட்டும் எண்ணினாங்க, மண்ணைத் தொட்டது எத்தனை, இன்னும் அந்தரத்தில் நிக்கிறது எத்தனைன்னு. அந்தரத்தில் நிக்கிறது நிறைய இருந்தா அன்னைக்கே ஜிப்சம் போட்டு மண் அணைக்கணும். ஏக்கருக்கு 160 கிலோ. செடியின் தூரைச் சுத்தித் தூவி, கொத்தி, அணைப்பு. காரணத்தையும் கூலியாளுக்குச் சொன்னாங்க: காய்க்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்து வேர் வழியாப் போய்ச் சேராது, மண்ணுக்குள்ள இருக்கிற பிஞ்சே பக்கத்து மண்ணிலிருந்து உறிஞ்சிக்கணும். அது கிடைக்கலைன்னா காய் பெருசா இருக்கும், உடைச்சா உள்ள பொக்கு.

பிடுங்கின நாலு செடியையும் தூக்கிப் போடல. ஈரச்சாக்கில் சுத்தி எடுத்துக்கிட்டாங்க. பத்து மணிக்கு நாலாம் வகுப்பு மேசையில் அதே செடிதான். "கடலை வேரா, காயா?" வகுப்பு முழுக்க "வேர்"னு கத்துச்சு. டீச்சர் பதில் சொல்லல. பூவிலிருந்து விழுது, விழுது நுனியில் பிஞ்சு, பிஞ்சிலிருந்து காய்னு ஒவ்வொரு பிள்ளை விரலையும் பிடிச்சு அந்த வழியில் நகர்த்திக் காட்டினாங்க.

கோவைக்கொடி:
கரும்பலகையைப் பத்தி யாராவது எழுதுவீங்கன்னு பார்த்தேன். ஒன்றியத்திலிருந்து பெயின்ட் வர்றதுக்குள்ள பலகை வெளுத்துப் போயிடும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவங்களே பூசுவாங்க. அடுப்புக்கரியை அம்மியில் அரைச்சு, பழைய வேட்டித் துணியில் சலிச்சு, கோவை இலைச் சாறு விட்டு தோசைமாவுப் பதத்துக்குக் குழைப்பாங்க. கந்தல் துணியை உருட்டி மேலிருந்து கீழா ஒரு பூச்சு. காய்ந்ததும் இடமிருந்து வலமா இன்னொண்ணு. திங்கக்கிழமைதான் எழுதலாம். கரி நறநறன்னு இருந்தா சாக்கட்டி கீச்சிடும், பலகையில் கோடு விழும். சாறு குறைஞ்சா அழிக்கும்போதெல்லாம் கரி துணியோட வந்துடும்.

கண்மாய்க்கரை:
கோவை இலை மட்டும் போதாது. எங்க பக்கத்துப் பள்ளிகள்ல ஊமத்தை இலையும் சேர்த்துத்தான் அரைப்பாங்க. அதுதான் மாசக்கணக்கில் நிக்கும்.

கோவைக்கொடி:
நிக்கும், சரி. ஆனா அந்தப் பள்ளியில் அதைச் சேர்க்கல. ஊமத்தைச் சாறு பட்ட கையைக் கண்ணில் வச்சா கண்மணி விரிஞ்சு பார்வை மங்கும், வயித்துக்குள்ள போனா உயிருக்கே ஆபத்து. இலை பறிச்சுத் தர்றது ரெண்டாவது, மூணாவது படிக்கிற பிள்ளைங்க. அதனால ஊமத்தையை வேலிக்குள்ளயே வர விடமாட்டாங்க. எண்ணிக்கை கத்துக் கொடுக்கவும் புளியங்கொட்டைதான், ஆமணக்கு முத்து பார்க்க அழகா இருந்தாலும் கிடையாது. அதுவும் விஷம். நிலக்கடலைப் பருப்பு வச்சும் எண்ண வைக்கமாட்டாங்க. கழித்தல் கணக்கு முடியறதுக்குள்ள பிள்ளைங்க பசியில் தின்னுடும்னு தெரியும்.

பத்து பத்தாக் கட்டினது சோளத்தட்டை. 34 வேணும்னா மூணு கட்டு, நாலு தனித்தட்டை. 34லிருந்து 8 போகணும்னா ஒரு கட்டைக் கண்ணு முன்னால பிரிக்கணும். கடன் வாங்கிக் கழிக்கிறதுங்கிறது அந்தக் கட்டைப் பிரிக்கிறதுதான். அது புரிஞ்ச பிள்ளை பிறகு தடுமாறல.

மானாவாரி:
ஐப்பசியை எழுதுங்கப்பா. ஆடியில் விதைச்ச மானாவாரிக் கடலை 105 நாளில் பிடுங்க வரும். கொத்து ரக நிலக்கடலைக்கு விதை உறக்கம் (முத்தினதும் முளைக்காம கொஞ்ச நாள் கிடக்கிறது) கிடையாது. முத்தின பிறகு மழை பிடிச்சா காய் மண்ணுக்குள்ளயே முளைச்சிடும். அதனால ஊரே ஒரே வாரத்தில் காட்டில் இறங்கும். பிள்ளைங்களும் செடியிலிருந்து காய் ஆயப் போயிடும், பள்ளி காலியாகும்.

அப்பல்லாம் மத்த ஊர்ல என்ன செய்வாங்கன்னா, தொடர்ந்து வராத பிள்ளை பேரை நீக்கிடுவாங்க. மறுபடி சேர்க்க அப்பன் வரணும், வரமாட்டான். பொம்பளைப் பிள்ளைன்னா அத்தோட படிப்பு முடிஞ்சுது. டீச்சர் எந்தக் காடு எப்ப விதைச்சதுன்னு ஆடியிலேயே குறிச்சு வச்சிருப்பாங்க. காலாண்டுத் தேர்வு முடிஞ்சதும் புதுப்பாடம் தொடங்கமாட்டாங்க. அறுவடை வாரத்தில் பழைய பாடம் மட்டும். வந்த பிள்ளைக்கும் நஷ்டமில்ல, வராத பிள்ளையும் பின்தங்காது. சாயங்காலம் காட்டு வரப்பிலேயே போய் நின்னு, "திங்கக்கிழமை வரணும்"னு தாய்கிட்ட சொல்லிட்டு வருவாங்க. தகப்பன்கிட்டச் சொல்றதில்லை. பிள்ளையை அனுப்புறது தாய்தான்னு அவங்க கணக்கு. அது சரியான கணக்கு.

வடகாட்டான்:
எல்லாரும் ஒரேயடியாப் புகழுறீங்க. வருத்தமாத்தான் சொல்றேன், காட்டு வேலை செஞ்சது அவங்க வீட்டுக்காரர். டீச்சர் மேற்பார்வை. மாசச் சம்பளம் உள்ள வீட்டுக்கு விவசாயம் தைரியமா நடக்கும், அவ்வளவுதான். அந்த மனுஷனையும் மறக்கக்கூடாது.

செம்மண்காடு:
அவரை யாரும் மறக்கல அண்ணே. ஏர், ஏத்தம், சந்தை எல்லாம் அவர்தான். ஆனா விதை யார் வேலை? விதைக்காய் தனியா, பொக்கும் கறுத்ததும் பொறுக்கி, ஓட்டோட சேமிப்பு. உடைச்ச பருப்பை வச்சிருந்தா முளைப்பு சீக்கிரம் விழுந்துடும், அதனால விதைப்புக்கு ஒண்ணு ரெண்டு வாரம் முந்திதான் உடைக்கணும், அதுவும் கையால. மெஷின்ல உடைச்சா மேல்தோல் உரியும், முளைமுனை ஒடியும். ஏக்கருக்கு 50 கிலோவுக்கு மேல பருப்பு. மூணு ஏக்கருக்குக் கணக்குப் போடுங்க. ராத்திரிச் சோறு முடிஞ்சு, பாடக்குறிப்பு எழுதி முடிச்சு, அதுக்கப்புறம் உட்காருவாங்க. பூஞ்சாண மருந்து கிலோவுக்கு 2 கிராம் கலந்து ஒரு நாள் விட்டு, மறுநாள் ரைசோபியம் (நுண்ணுயிர் உரம்) பொட்டலத்தை ஆறின கஞ்சியில் கரைச்சுப் புரட்டி, நிழல்ல கால் மணி நேரம் உலர்த்தணும். ரெண்டையும் ஒரே நேரத்தில் கலந்தா மருந்து நுண்ணுயிரைக் கொன்னுடும். வெயில்ல காய வச்சாலும் அதேதான். இந்த வரிசை மாறாம நடந்தது அவங்களாலதான்.

கிணறு வெட்டினது அவங்க பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) கடன்ல. அந்தத் தவணை சம்பளத்திலதான் பிடிச்சாங்க. பட்டாவில் அவங்க பேர் இல்ல, சாகுபடிப் பதிவேடான அடங்கல்லயும் இல்ல. மேற்பார்வைன்னு சொல்லாதீங்க.

வடகாட்டான்:
பி.எஃப். விஷயம் எனக்குத் தெரியாது. "மேற்பார்வை"ங்கிற சொல்லை வாபஸ் வாங்கிக்கிறேன்.

ஓலைக்கட்டு:
டீச்சர் பாடக்குறிப்பு நோட்டின் பின்பக்கத்தில் விதைப்புத் தேதி, மழை, கூலி, மூட்டைக் கணக்கு எல்லாம் எழுதுவாங்க. ஒருதரம் மூணாம் வகுப்பு நோட்டைத் திருப்பிப் பிடிச்சு, போன வருஷம் எப்ப மழை வந்துச்சுன்னு ஒரு விவசாயிக்கு வாசல்ல நின்னே படிச்சுச் சொன்னாங்க. அதைத்தான் சொல்ல வந்தேன்.

இப்ப அந்த நோட்டுகள் வீட்டில் டிரங்குப் பெட்டியில் கிடக்குதாம். வீட்டார் யாராவது இதைப் படிச்சா கவனிங்க. முதல்ல பெட்டியைத் தரையிலிருந்து தூக்கி, சுவரை ஒட்டாம ஒரு பலகை மேல வைங்க, செம்மண் தரையில் கரையான் கீழிருந்துதான் ஏறும். நோட்டை வெயில்ல காய வைக்காதீங்க. தாள் மஞ்சளாகி நொறுங்கும், மை வெளிறும். காத்தோட்டமான நிழல்ல விரிச்சு வச்சாப் போதும். பூச்சி இருந்தா மெல்லிய பிரஷ்ஷால தட்டி எடுங்க. மருந்து தெளிக்காதீங்க, ஈரம் பட்டாலே மை ஊறும். துருப்பிடிச்ச ஸ்டேப்ளர் பின்னைக் கத்தி நுனியால நிமிர்த்தி எடுத்துட்டு, வெள்ளைப் பருத்தி நூலால தைங்க. செல்லோடேப் ஒட்டவே கூடாது, கொஞ்ச வருஷத்தில் பசை பழுப்பாகித் தாளைத் தின்னும். லாமினேஷன் அதைவிட மோசம், திரும்பப் பிரிக்க முடியாது. காய்ந்த வேப்பிலையைத் துணியில் முடிஞ்சு வைக்கலாம், தாள் மேல நேரா படக்கூடாது.

படம் எடுக்கிறதா இருந்தா ஜன்னல் வெளிச்சத்தில், ஃபிளாஷ் இல்லாம, போனைத் தாளுக்கு நேர் மேல பிடிச்சு எடுங்க. முன்பக்கம், பின்பக்கம் ரெண்டையும் வரிசை மாறாம எடுக்கணும். பாடம் ஒரு பக்கம், மழை மறுபக்கம் இருக்கு. பிரிச்சு எடுத்தா எந்த வருஷத்து மழைன்னு பிறகு கண்டுபிடிக்க முடியாது. படத்தின் பெயரிலேயே வருஷத்தைப் போட்டுடுங்க. இன்னொரு பிரதி வேற வீட்டில் இருக்கட்டும்.

மானாவாரி:
நல்லது. வம்பன் ஆராய்ச்சி நிலையத்தில் யாரையாவது கேட்டா மழைக்கணக்குக்கு ஆர்வம் காட்டுவாங்கன்னு நினைக்கிறேன்.

அரிக்கேன்:
1991ல அறிவொளி (எழுத்தறிவு இயக்கம்) வந்தப்போ நம்ம மாவட்டமே ராத்திரி வகுப்பில் உட்கார்ந்துச்சு, ஷீலா ராணி சுங்கத் ஆட்சியரா இருந்த காலம். டீச்சர் தெருவில் பகல்ல காய் ஆய்ஞ்ச பொம்பளைங்க ராத்திரி அரிக்கேன் விளக்கடியில் படிப்பாங்க. "அ, ஆ"ன்னு தொடங்கல. "படி", "கூலி"ன்னு எழுதிப் போட்டாங்க.

ஒரு ராத்திரி ரெண்டு மரக்கால் (காய் அளக்கிற பாத்திரம்) கொண்டுவந்து வச்சாங்க. ஒண்ணு அவங்க வீட்டுது, இன்னொண்ணு வேற காட்டில் கூலி அளக்கிறது. ரெண்டிலும் காய் நிரப்பி, தலைதட்டி (வாய்க்கு மேல குவிஞ்சதைத் தள்ளிச் சமமாக்கி), லிட்டர் படியால திருப்பி அளக்கச் சொன்னாங்க. அளந்தது அந்தப் பொம்பளைங்களே. வெளிமரக்கால் பெருசா இருந்துச்சு. அதாவது ஆயுறவங்க அதை நிரப்ப அதிகக் காய் போடணும், கூலி அதே. யார் மரக்கால்னு டீச்சர் சொல்லல. வித்தியாசத்தை மட்டும் பலகையில் எழுதி, பத்து மரக்காலுக்கு எவ்வளவு போகுதுன்னு பெருக்க வச்சாங்க.

கண்மாய்க்கரை:
மரக்கால் எட்டுப்படிதானே, எப்படி மாறும்?

அரிக்கேன்:
வாய்பாட்டில் எட்டு நாழி (படி) ஒரு குறுணி (மரக்கால்), பன்னிரண்டு குறுணி ஒரு கலம். நடைமுறையில் படியே ஊருக்கு ஊர் வேற, பெரிய படி, சின்னப் படின்னு ரெண்டு புழங்குச்சு. மூங்கில், மர மரக்காலுக்கு முத்திரையும் கிடையாது. வாய் அகலமானதில் கும்பாச்சியா (மேல குவிச்சு) அளந்தா ஒரு அளவு, தலைதட்டினா வேற அளவு. அதனாலதான் லிட்டர் படி முத்திரை போட்டதா இருக்கணும், தலைதட்டித்தான் அளக்கணும், கும்பாச்சி கேட்டா கூலியையும் கும்பாச்சியாக் கேளுங்கன்னு சொன்னாங்க. அடுத்த ஐப்பசியில் அந்தத் தெருப் பொம்பளைங்க காட்டுக்குப் போகும்போது இடுப்பில் லிட்டர் படி ஒண்ணைச் செருகிக்கிட்டுப் போனாங்க.