வாலில்லாத எலியோடு குடித்தனம்

கம்பிவால்:

பத்து வருடத்துக்கும் மேலாக வயர் வைத்த மவுஸ்தான் எனக்கு. அது எப்படிச் சாகும் என்பது எனக்கு அத்துப்படி. மவுஸின் உடம்புக்குள் வயர் நுழையும் கழுத்து இருக்கிறதே, நோய் அங்கேதான் ஆரம்பிக்கும். முதலில் கர்சர் எப்போதாவது நிற்கும். வயரை லேசாக ஒரு பக்கம் வளைத்தால் உயிர் வரும். அப்புறம் வளைத்துப் பிடித்தபடியே வேலை பார்க்க வேண்டும். கழுத்தைச் சுற்றி டேப் ஒட்டி, அதன்மேல் இன்னொரு சுற்றும் ஒட்டி ஓட்டிக்கொண்டிருக்கும்போது ஒருநாள் மொத்தமாகப் போய்ச்சேரும். என்னிடம் மூன்று அப்படிப் போயின. மூன்றிலும் பட்டன், சக்கரம், சென்சார் எல்லாம் நன்றாகவே இருந்தன.

சரி, வால் இருந்தால்தானே வால் அறும் என்று போன மாதம் வயர்லெஸ் வாங்கினேன். அதோடு வந்த டாங்கிளை, அதாவது யுஎஸ்பி துளையில் போடும் நகத்தளவு ரிசீவரை, சொருகியதும் வேலை செய்தது, வேறு எதுவும் செய்ய வேண்டியிருக்கவில்லை. மவுஸை வலப்பக்கம் இழுக்கும்போதெல்லாம் மேசை விளிம்பில் வயர் மாட்டி வெடுக்கென்று பின்னால் இழுக்குமே, அது நின்றுபோனதே பெரிய நிம்மதி. முதல் வாரம் தேனிலவுதான்.

இரண்டாம் வாரம் கர்சருக்குத் திக்குவாய் வந்துவிட்டது. கையை ஒரே சீராக நகர்த்தினாலும் அது நின்று, தாவி, மறுபடி நின்று போகிறது. ஒரு ஃபைலைப் பிடித்து இழுத்தேன். பாதி வழியில் கைவிட்டு ஏதோ ஒரு ஃபோல்டருக்குள் போட்டுவிட்டது. எந்த ஃபோல்டர் என்று கண்டுபிடிக்க அரை மணி நேரம் ஆனது. செல்லை மாற்றினேன். அடியில் உள்ள சென்சார் கண்ணைத் துடைத்தேன். பேடை எடுத்துவிட்டு வெள்ளைத் தாளை விரித்தும் பார்த்தேன். ஒன்றும் சரியாகவில்லை.

ஒன்றை மட்டும் கவனித்தேன். காலையில் பெரும்பாலும் ஒழுங்காக ஓடுகிறது. சாயங்காலம் வேலை முடிந்து எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க்கில் காப்பி போடும் நேரத்தில்தான் அதிகம் திக்குகிறது. மவுஸுக்குச் சாயங்காலக் காய்ச்சல் வருமா என்ன? வயர்லெஸ்ஸோடு நாள்பட்டுக் குடும்பம் நடத்துகிறவர்கள் உங்கள் கதையைச் சொல்லுங்கள். நல்லதும் சொல்லுங்கள், கெட்டதும் சொல்லுங்கள்.

அரைத்தூக்கம்:

நண்பரே, காய்ச்சல் மவுஸுக்கு இல்லை, உங்கள் ஹார்டு டிஸ்க்குக்கு. அந்த டிஸ்க் யுஎஸ்பி 3.0 தானே? டாங்கிளும் அதற்குப் பக்கத்துத் துளையில்தானே இருக்கிறது?

நானும் இதில் ஒரு மாதம் மண்டையை உடைத்துக்கொண்டவன்தான். டாங்கிள் வைத்த மவுஸ்கள் பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில்தான் பேசுகின்றன. யுஎஸ்பி 3.0 இணைப்பில் தரவு வேகமாக ஓடும்போது கேபிளிலிருந்தும் சொருகும் இடத்திலிருந்தும் கிளம்பும் மின்காந்த இரைச்சல் சரியாக அதே பகுதியிலும் விழுகிறது. இன்டெல் நிறுவனமே 2012-இல் இதைப் பற்றி ஓர் ஆவணம் வெளியிட்டிருக்கிறது. மவுஸ் கிசுகிசுவென்று பேசுகிறது. டாங்கிளின் காது ஓரத்திலேயே யாரோ தவில் வாசிக்கிறார்கள். டாங்கிள் பாவம், என்னதான் செய்யும்? காப்பி ஓடாதபோது தவிலும் இல்லை, அதனால்தான் காலையில் நன்றாக ஓடுகிறது.

டாங்கிளை மறுபக்கத் துளைக்கு மாற்றிப் பாருங்கள். யுஎஸ்பி 2.0 துளை இருந்தால் அதில் போடுங்கள். அப்போதும் சரியாகவில்லை என்றால் ஒரு எக்ஸ்டென்ஷன் வயர் வாங்கி, டாங்கிளை டிஸ்க்கிலிருந்து தள்ளி, மவுஸுக்குப் பக்கத்தில் வையுங்கள். மேசைக்கடியில் இருக்கும் சிபியுவின் முதுகில் டாங்கிளைச் சொருகிவிட்டு மவுஸ் சரியில்லை என்கிறவர்களுக்கும் இதே மருந்துதான். நடுவில் அவ்வளவு இரும்புத் தகடு இருந்தால் அலை எப்படி வந்து சேரும்?

வைஃபை ரவுட்டரும் 2.4-இல் ஓடும், மைக்ரோவேவ் அடுப்பும் கிட்டத்தட்ட அங்கேதான். ஆனால் என் அனுபவத்தில் அவற்றைவிடப் பக்கத்துத் துளை டிஸ்க்தான் பெரிய வில்லன்.

பழைய பெட்டி:

உங்களுக்கெல்லாம் திக்குகிறதே என்று கவலை. எனக்கு ஒரு காலத்தில் கர்சர் தானாகவே ஓடியது.

2000-களின் தொடக்கம். அப்போது நான் வைத்திருந்த வயர்லெஸ் மவுஸ் 27 மெகாஹெர்ட்ஸ். ரிசீவர் உள்ளங்கை அளவு பெட்டி, அதற்கே ஒரு நீள வயர். பெட்டியில் ஒரு பட்டன், மவுஸின் அடியில் ஒரு பட்டன். இரண்டையும் அடுத்தடுத்து அமுக்கினால்தான் ஒன்றையொன்று அடையாளம் தெரிந்துகொள்ளும். இருந்தது இரண்டே சேனல்.

ஒருநாள் ஒரு கடிதம் அடித்துக்கொண்டிருந்தேன். கை கீபோர்டில். கர்சர் மெல்ல மேலே போனது. மூலையில் இருந்த பெருக்கல் குறியை அமுக்கியது. ‘சேமிக்கவா?’ என்று கேள்வி வந்தது. நான் மவுஸைப் பாய்ந்து பிடிப்பதற்குள் ‘வேண்டாம்’ என்று பதிலும் சொல்லிவிட்டது. பேய் பிசாசு நம்பிக்கை இல்லாதவன் நான். அன்றைக்குக் கொஞ்சம் அசைந்துபோனேன். தடுப்புக்கு அந்தப் பக்கம் இருந்தவர் அதே மாடல் மவுஸை முந்தின நாள்தான் வாங்கியிருக்கிறார் என்பது சாயங்காலம்தான் தெரிந்தது. அவருக்கும் அன்று முழுக்கத் தலைவலியாம், ‘என் மவுஸ் யாரோ இழுக்கிற மாதிரி இருக்கிறது’ என்றார். இழுத்தது நான்தான்.

இப்போதைய டாங்கிள்களில் அந்தக் கூத்து இல்லை. ஒவ்வொரு மவுஸுக்கும் தனி அடையாளம் உண்டு, சேனலும் தானாகவே மாறிக்கொள்ளும். இன்னொரு விஷயம், வால்போல வயர் இருந்ததால்தான் இதற்கு மவுஸ் என்றே பெயர் வந்தது. 1964-இல் டக்ளஸ் எங்கெல்பார்ட்டின் குழு செய்த முதல் மரக்கட்டை மவுஸுக்கும் வால் இருந்தது. வாலை அறுத்த பிறகும் எலி என்றே கூப்பிடுகிறோம்.

ஜோடி தொலைத்தவன்:

என் பையில் இப்போது ஆறு மவுஸ், நான்கு டாங்கிள். இதில் ஒன்றுக்கொன்று பொருந்துவது இரண்டு ஜோடிதான். மிச்சமெல்லாம் விதவைகள். சாதாரண மவுஸ்களில் டாங்கிள் தொலைந்தால் வேறொன்றை ஜோடி சேர்க்க வழியே கிடையாது. நல்ல நிலையில் உள்ள மவுஸ், நகத்தளவு பிளாஸ்டிக் இல்லாததால் குப்பை. செல் மூடிக்குள்ளேயே டாங்கிளுக்கு ஒரு பொந்து வைத்திருப்பார்கள். அது எதற்கு என்று நான்காவது மவுஸில்தான் எனக்குத் தெரிந்தது.

மணிக்கட்டு:

எல்லாரும் குறையாகவே சொல்கிறீர்கள். நான் நல்லதைச் சொல்கிறேன்.

படங்கள் திருத்துவது என் தொழில். நாள் முழுக்க ஒரு மில்லிமீட்டர், அரை மில்லிமீட்டர் என்று நகர்த்திக்கொண்டே இருப்பேன். வயர் மவுஸில் ஒவ்வொரு நகர்வுக்கும் பின்னால் ஒரு சின்ன இழுவை இருக்கும். அது இருப்பதே தெரியாது, ஏனென்றால் கை தன்னையறியாமல் அதை எதிர்த்துத் தள்ளிக்கொண்டே இருக்கும். வயர்லெஸ்ஸுக்கு மாறி மூன்றாம் நாள்தான் சாயங்காலம் முன்கையில் அந்த இறுக்கம் இல்லை என்று கவனித்தேன். எல்லாருக்கும் இப்படி ஆகும் என்று சொல்ல மாட்டேன், எனக்கு ஆனது.

இன்னொரு வசதி, வலது கை அசந்தால் மவுஸை எடுத்து இடப்பக்கம் வைத்துவிடுவேன். வயர் இருந்தபோது இதற்கு மானிட்டரின் முதுகைச் சுற்றிவர வேண்டும், அதனாலேயே ஒருநாளும் செய்ததில்லை. இதற்கு இரண்டு பக்கமும் ஒரே வடிவமுள்ள மவுஸாகப் பார்த்து வாங்க வேண்டும்.

எடைதான் எனக்குப் பிடிக்காதது. ஒரு ஏஏ ஆல்கலைன் செல் ஏறக்குறைய 23 கிராம். என் முதல் வயர்லெஸ் மவுஸில் அது இரண்டு. செங்கல்லைத் தள்ளுகிற மாதிரி இருந்தது. இப்போது ஒற்றைச் செல், அதுவும் லித்தியம் ஏஏ போடுகிறேன். அது 15 கிராம்தான். எட்டு கிராமில் என்ன வந்துவிடும் என்று கேட்பவர்கள், நாளைக்கு ஆயிரம் முறை அதைத் தூக்கித் தூக்கி வைத்துப் பார்க்கட்டும்.

உப்பு பூத்தவர்:

செல் என்றதும் ஞாபகம் வந்தது. மவுஸை ஆறு மாதம் அலமாரியில் போட்டுவிட்டு எடுத்தேன். அடியில் உள்ள சுவிட்சை அணைத்து வைத்திருந்தேன், ஆனால் செல்லைக் கழற்றவில்லை. மூடி திறக்க மறுத்தது. ஸ்க்ரூ டிரைவரால் நெம்பித் திறந்தால் உள்ளே வெள்ளை வெளேரென்று பொரிபொரியாக உப்புப் பூத்திருந்தது. ஸ்பிரிங்கின் கடைசிச் சுற்றே கண்ணுக்குத் தெரியவில்லை. செல்லின் அடிப்பக்கம் லேசாக உப்பியிருந்தது. விரலால் சுரண்டப் போனேன், நல்லவேளை வீட்டில் ஒருவர் தடுத்துவிட்டார். ஆல்கலைன் செல்லிலிருந்து கசிவது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு, தோலைப் பதம் பார்த்துவிடும்.

அது காரம் என்பதால் மென்மையான அமிலம்தான் மாற்று. கையுறை போட்டுக்கொண்டு, பஞ்சுக் குச்சியை வினிகரில் தொட்டு ஸ்பிரிங்கில் வைத்தேன். சுர்ரென்று மெல்லிசாய் நுரைத்தது. நான்கைந்து குச்சி கறுத்துப்போன பிறகு உலோகம் தெரிந்தது. ஈரத்துணியால் துடைத்து ஒரு நாள் காயவிட்டேன். மவுஸ் பிழைத்துக்கொண்டது. ஸ்பிரிங்கின் ஒரு சுற்று மட்டும் இன்றைக்கும் பச்சை படிந்து இருக்கிறது.

அதற்குப் பிறகு ரீசார்ஜ் செய்யும் செல்லுக்கு மாறிவிட்டேன். அதன் மின்னழுத்தம் 1.5-க்குப் பதில் 1.2 வோல்ட். அதனால் புதிதாக சார்ஜ் ஏற்றிப் போட்டாலும் என் மவுஸ் ‘செல் தீரப்போகிறது’ என்று சிவப்பு விளக்கைச் சிமிட்டும். சிமிட்டிக்கொண்டே இரண்டு மாதம் ஓடும்.

பெயரெதற்கு:

அரைத்தூக்கம் சொன்ன டாங்கிள் தொல்லையே வேண்டாம் என்று நான் ப்ளூடூத் மவுஸ் வாங்கினேன். துளையும் மிச்சம், தொலைக்க எதுவும் இல்லை. ஒரு பட்டனை அமுக்கினால் லேப்டாப், இன்னொன்றுக்கு டேப்லட். ராஜ வாழ்க்கை.

லேப்டாப் படுத்துவிட்டது, ஆபரேட்டிங் சிஸ்டத்தைத் திரும்பப் போட உட்கார்ந்தேன். ‘தொடர’ என்ற பட்டன் திரையில் இருக்கிறது. மவுஸ் கையில் இருக்கிறது. நடுவில் ப்ளூடூத்தை இயக்க வேண்டிய மென்பொருள் இன்னும் ஏறவில்லை. டேப் கீயையும் என்டரையும் தட்டித் தட்டியே முழு வேலையையும் முடித்தேன். டாங்கிள் மவுஸ் என்றால் கம்ப்யூட்டருக்கு அது சாதாரண யுஎஸ்பி மவுஸ்தான், அங்கேயும் ஓடியிருக்கும். சும்மா விட்டுவிட்டுத் தொட்டால் தூக்கம் கலைய ஒன்றிரண்டு விநாடி எடுப்பதும் ப்ளூடூத்தில் சற்று அதிகம்.

கேம் ஆடும் தம்பி ஒருத்தன் இருக்கிறான் வீட்டில். வயர்லெஸ் என்றால் தாமதம் என்று முன்பு சண்டைக்கே வருவான். சாதாரண மவுஸ் விநாடிக்கு 125 முறை தகவல் அனுப்பும், கேமுக்கென்றே வருவது 1000 முறை. அந்த 1000 இப்போது டாங்கிள் மவுஸிலும் கிடைப்பதால் அவனே வாலை அறுத்துவிட்டான். சார்ஜ்தான் மளமளவென்று இறங்குகிறது. ஆட்டத்தின் நடுவில் செத்து அவன் போட்ட கூச்சலைக் கேட்டிருக்கிறேன்.

பூட்டு:

யாரும் சொல்லாத ஒன்று. 2016-இல் பாஸ்டில் என்ற பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் ‘மவுஸ்ஜாக்’ என்ற ஓட்டையை வெளியிட்டது. ப்ளூடூத் அல்லாத, டாங்கிள் வகை மவுஸ்கள் பலவற்றில் மவுஸ் அனுப்பும் தகவல் மறையாக்கம் (என்கிரிப்ஷன்) இல்லாமல் வெட்டவெளியில் போகும். தப்பு அதோடு நிற்கவில்லை. மவுஸ் போல நடித்து ஒருவர் கீபோர்டு எழுத்துகளை அனுப்பினாலும் சில டாங்கிள்கள் அப்படியே வாங்கிக்கொண்டன. 100 மீட்டர் தூரத்திலிருந்தே முடியும் என்று காட்டினார்கள். அப்புறம் சில நிறுவனங்கள் திருத்தம் வெளியிட்டன, ஆனால் சில டாங்கிள்களில் மாற்றம் செய்யவே வழியில்லை. பழைய டாங்கிளை இன்னும் ஓட்டுகிறவர்கள் அதற்கு அப்டேட் வந்ததா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். எழுந்து போகும்போது திரையைப் பூட்டுங்கள்.

ஜோடி தொலைத்தவன்:

பூட்டு சார், என் டாங்கிளை ஹேக் செய்ய அவர் முதலில் அதைக் கண்டுபிடிக்க வேண்டும்.

கம்பிவால்:

எல்லாருக்கும் நன்றி. அரைத்தூக்கம் சொன்னது அச்சு அசலாகப் பலித்தது. டிஸ்க்கில் காப்பி ஓடவிட்டு, கர்சர் திக்கும்போதே டாங்கிளைப் பிடுங்கி மறுபக்கத் துளையில் போட்டேன். பாதி குறைந்தது. என் லேப்டாப்பில் பழைய 2.0 துளை எதுவும் இல்லை. எக்ஸ்டென்ஷன் வயர் வாங்கி வந்து, டாங்கிளை அதன் நுனியில் சொருகி, பேடுக்கு ஒரு சாண் தள்ளி டேப் போட்டு ஒட்டினேன். டிஸ்க் முழு வேகத்தில் ஓடுகிறது, கர்சர் வெண்ணெய்.

உப்பு பூத்தவர் சொன்னபடி செல் மூடியையும் திறந்து பார்த்துவிட்டேன். சுத்தமாக இருக்கிறது.

ஆக, வயரே வேண்டாம் என்று வாங்கிய மவுஸுக்காக இப்போது மேசையின் குறுக்கே ஒரு முழ நீள வயர் கிடக்கிறது. வீட்டில் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை, சிரித்ததோடு சரி. நான் மட்டும் அந்த வயரின் கழுத்தை அவ்வப்போது விரலால் தடவிப் பார்த்துக்கொள்கிறேன்.