அம்பை வீடு: ஆச்சியின் டேப்லெட்

பெரியம்மா, மாலை 5:48
ஆச்சிக்கு வாங்கிய டேப்லெட் வீட்டு வைஃபையில் சேர மறுக்கிறது. கடவுச்சொல்லை நான்கு முறை அடித்துவிட்டேன். ஒவ்வொரு முறையும் சிறிது நேரம் சுற்றிவிட்டு, "இணைக்க முடியவில்லை" என்று நின்றுவிடுகிறது. நாளைக் காலை ஆறு மணிக்குத் திருக்கடையூரில் கலசாபிஷேகம் தொடங்கிவிடும் என்பதால், இன்றிரவுக்குள் யாராவது வழி சொல்லுங்கள்.

மதுரை அத்தை, 5:50
ஐயோ மதினி, அம்மா பார்க்காமல் நான் எப்படி மணையில் உட்காருவேன்?

சென்னை அண்ணன், 5:52
அம்மா, ரயில் இப்போதுதான் விழுப்புரம் தாண்டுகிறது. கடையிலேயே அவர்களுடைய வைஃபையில் போட்டுப் பார்த்துத்தான் வாங்கினேன். டேப்லெட்டில் பழுது இருக்க வாய்ப்பில்லை.

அப்பா, 6:03
மதினி, பதற வேண்டாம். நம் ரூட்டர் ஒரே பெட்டியிலிருந்து இரண்டு அலைவரிசைகளை அனுப்புகிறது. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை சற்று மெதுவானது, ஆனால் சுவரைத் தாண்டி வரும். 5 கிகாஹெர்ட்ஸ் அலை வேகமானது, ஆனால் சுவரைக் கண்டால் சோர்ந்துவிடும். நம் வீடோ முன்பக்கத் தார்சாவிலிருந்து பட்டாசல், பட்டாசலிலிருந்து இரண்டாங்கட்டு என்று நீண்டுகொண்டே போகிற பழைய வீடு. தாத்தா காலத்துச் சுண்ணாம்புச் சுவர் ஒவ்வொன்றும் இரண்டடிக் கனம். ரூட்டர் தார்சாவில் இருக்க, ஆச்சியின் கட்டில் இரண்டாங்கட்டில் கிடக்கிறது. ஆகவே முதலில் டேப்லெட்டைத் தார்சாவுக்கு எடுத்துச் சென்று முயன்று பாருங்கள்.

பெரியம்மா, 6:04
நான் தார்சாவில், ரூட்டருக்கு நேர் கீழேதான் நிற்கிறேன், தம்பி.

அம்மா, 6:05
இவ்வளவு பெரிய செய்தியை எழுதிய நேரத்தில் மாலைக்காரரிடம் ஒரு வார்த்தை பேசியிருக்கலாம்.

அப்பா, 6:11
அப்படியானால் ரூட்டரின் மின்சாரத்தை நிறுத்தி, அரை நிமிடம் கழித்துப் போடுங்கள். விளக்குகள் எல்லாம் நிலைபெற்ற பிறகு, டேப்லெட்டில் நம் வைஃபை பெயரை அழுத்தி, அதை மறந்துவிடும்படி கட்டளை கொடுத்துவிட்டுக் கடவுச்சொல்லைப் புதிதாக அடியுங்கள். முதல் எழுத்து பெரிய எழுத்து என்பதையும், கடைசியில் விசைப்பலகை தானாக ஓர் இடைவெளியைச் சேர்த்துவிடக்கூடும் என்பதையும் கவனத்தில் கொள்ளுங்கள்.

பெரியம்மா, 6:21
எல்லாவற்றையும் செய்தாயிற்று. அதே கடவுச்சொல்லில் என் கைபேசி ஒழுங்காக வேலை செய்கிறது. டேப்லெட்தான் பிடிவாதம் பிடிக்கிறது.

அப்பா, 6:24
தேதியும் நேரமும் சரியாக இருக்கின்றனவா? புதிய கருவிகளில் தேதி பின்தங்கியிருந்தால்கூட இணையம் வராது.

நான், 6:25
அப்பா, தேதி தவறாக இருந்தால் வைஃபையில் சேர்ந்த பிறகுதான் பக்கங்கள் திறக்காமல் தகராறு செய்யும். இங்கே வாசலிலேயே அல்லவா நிறுத்திவிடுகிறது?

மதுரை மாமா, 6:26
முடிந்துவிட்டதா?

பெரியப்பா, 6:29
மாப்பிள்ளை, எது முடிந்துவிட்டதா என்று முழு வாக்கியமாக எழுதுங்கள். சென்ற ஆண்டு இந்தக் குழுவில் "சித்தப்பா போய்விட்டார்" என்று ஒருவர் எழுதப்போய், தென்காசிக்குப் பேருந்து ஏறியிருந்த மனிதருக்காக இரண்டு கார்களில் மாலையோடு வந்து இறங்கினார்கள். அன்று வகுத்த விதியை யாரும் மறக்க வேண்டாம்.

மதுரை மாமா, 6:30
ஆச்சியின் டேப்லெட்டை வைஃபையில் இணைக்கும் பணி முடிந்துவிட்டதா என்று கேட்டேன்.

பெரியம்மா, 6:30
இல்லை.

சென்னை அண்ணன், 6:33
ஒன்றும் சரிவரவில்லை என்றால், அம்மா, உங்கள் கைபேசியில் ஹாட்ஸ்பாட் போட்டு அதில் டேப்லெட்டை இணைத்துவிடுங்கள்.

பெரியம்மா, 6:36
இரண்டாங்கட்டுக்குள் என் கைபேசிக்கு ஒரு கோடு சிக்னல் வந்தாலே பெரிது. ஆச்சியைத் தார்சாவில் உட்கார வைக்கலாம் என்றால், வாடைக்காற்று முழங்காலுக்கு ஆகாது என்கிறார்கள். காரில் எட்டு மணி நேரம் உட்கார முடியாதவர்களை வீட்டில் விட்டுவிட்டு எல்லோரும் புறப்பட்டுப் போனீர்கள். துணைக்கு யார் இருப்பது என்ற பேச்சு வந்ததும் என்னைத்தான் பார்த்தீர்கள். நான் அதைக் குறையாகச் சொல்லவில்லை.

மதுரை அத்தை, 6:38
மதினி, உங்களுக்கு எடுத்த புடவை என் பெட்டியில் பத்திரமாக இருக்கிறது.

பெரியம்மா, 6:47
என் தம்பி மகன் வந்திருக்கிறான். அவன் கேட்பதை அப்படியே எழுதுகிறேன்: "மாமா இரண்டு வருடத்துக்கு முன்னால் ரூட்டரில் போட்ட பூட்டு இன்னும் அப்படியே இருக்கிறதா?"

நான், 6:55
அப்பா எழுதுகிறார், அழிக்கிறார், மீண்டும் எழுதுகிறார் என்று திரை காட்டுகிறது.

அப்பா, 6:59
அது பூட்டு அல்ல, ஒழுங்குமுறை. வைஃபையில் சேரும் ஒவ்வொரு கருவிக்கும் மேக் முகவரி என்று ஒன்று உண்டு. 0 முதல் 9 வரையிலான எண்களும் ஏ முதல் எஃப் வரையிலான எழுத்துகளும் கலந்து, இரண்டிரண்டாகப் பிரித்து எழுதப்பட்ட பன்னிரண்டு குறிகள் அதில் இருக்கும். பட்டியலில் உள்ள முகவரிகளை மட்டும் சேர்த்துக்கொள்ளுமாறு ரூட்டருக்குச் சொல்லிவைக்கலாம், சொல்லிவைத்தேன். பட்டியலில் இல்லாத கருவியில் கடவுச்சொல்லைச் சரியாக அடித்தாலும் பயனில்லை. அந்தச் சமயத்தில் மாலை நேரம் வந்தாலே இணையம் ஆமையாக நகர்ந்தது என்பது எல்லோருக்கும் தெரியும். யாரையும் குறிவைத்துச் செய்ததல்ல. மேலும், இந்த டேப்லெட்டின் முகவரியைப் பெட்டி மேல் ஒட்டியிருந்த தாளைப் பார்த்து, சென்ற ஞாயிற்றுக்கிழமை அம்பைக்கு வந்தபோது நானே பட்டியலில் சேர்த்துவிட்டேன். ஆகவே காரணம் அதுவாக இருக்க முடியாது.

பெரியம்மா, 7:01
யாரையும் குறிவைக்கவில்லை என்பதை நானும் இரண்டு வருடமாக நம்பிப் பார்க்கிறேன், தம்பி. அன்றைக்குப் பட்டியலில் விடுபட்டவை என் தம்பி வீட்டுக் கைபேசிகள் மட்டும்தான்.

பெரியப்பா, 7:02
இந்தப் பேச்சை ஊருக்குத் திரும்பிய பிறகு வைத்துக்கொள்ளலாம்.

பெரியம்மா, 7:10
பையன் சொல்கிறான், நான் எழுதுகிறேன். பெட்டியில் உள்ள முகவரி 9சி என்று தொடங்குகிறது. டேப்லெட்டின் அமைப்புக்குள் போய் நம் வைஃபைக்கு அது காட்டும் முகவரியைப் பார்த்தால் 3இ என்று தொடங்குகிறது. இரண்டும் ஒன்றல்ல.

அப்பா, 7:11
வாய்ப்பே இல்லை. நான் கண்ணாடி போட்டுக்கொண்டு, இருமுறை சரிபார்த்துத்தான் அடித்தேன்.

பெரியம்மா, 7:16
நீங்கள் அடித்ததில் தவறில்லை என்றுதான் அவனும் சொல்கிறான். 2019இல் வந்த ஆண்ட்ராய்டு 10 முதல், கருவி தன் உண்மையான முகவரியை வெளியே காட்டாமல், ஒவ்வொரு வைஃபைக்கும் ஒரு பொய் முகவரியைத் தானே உருவாக்கிக் கொடுக்குமாம். போகிற இடத்தில் எல்லாம் நம்மை யாரும் அடையாளம் வைத்துப் பின்தொடரக்கூடாது என்பதற்கான ஏற்பாடாம் அது. இரண்டாவது குறி 2, 6, ஏ, இ ஆகிய நான்கில் ஒன்றாக இருந்தால் அது உருவாக்கிய முகவரி என்று கண்டுகொள்ளலாமாம். 3இ என்பதில் இரண்டாவது குறி இ. நீங்கள் 9சியை உள்ளே விடச் சொல்லியிருக்கிறீர்கள். டேப்லெட் 3இ என்று பெயர் சொல்லிக்கொண்டு வாசலில் நிற்கிறது.

நான், 7:17
பத்திரிகையில் ஒரு பெயரை அச்சடித்துவிட்டு, வாசலில் வேறு பெயர் கேட்டால் யார்தான் உள்ளே விடுவார்கள்?

சென்னை அண்ணன், 7:18
அப்படியானால் 3இ முகவரியையும் ரூட்டர் பட்டியலில் சேர்க்க வேண்டும். அதற்கான நிர்வாகக் கடவுச்சொல் சித்தப்பாவிடம் மட்டும்தான் இருக்கிறது.

அப்பா, 7:20
அதைப் பொதுக் குழுவில் எழுதுவது முறையாகாது.

பெரியம்மா, 7:22
எழுத வேண்டாம். அது இல்லாமலே முடியும் என்கிறான். டேப்லெட்டில் நம் வைஃபை பெயருக்குப் பக்கத்தில் உள்ள பல்சக்கரத்தை அழுத்தினால் தனியுரிமை என்று ஒரு வரி வருகிறது. அதில் பொய் முகவரிக்குப் பதிலாகச் சாதனத்தின் சொந்த முகவரியையே பயன்படுத்தும்படி மாற்றிவிட்டு, மறுபடி இணைக்க வேண்டுமாம். பொறுங்கள்.

பெரியம்மா, 7:26
சேர்ந்துவிட்டது. மாப்பிள்ளைக்காக முழுதாகச் சொல்கிறேன்: ஆச்சியின் டேப்லெட் வீட்டு வைஃபையில் சேர்ந்துவிட்டது.

மதுரை மாமா, 7:26
மிக்க மகிழ்ச்சி.

மதுரை அத்தை, 7:38
அம்மாவோடு வீடியோவில் பேசிவிட்டேன்! இரண்டாங்கட்டில் கட்டிலில் சாய்ந்தபடியே பேசினார்கள். முகம் பளிச்சென்று தெரிந்தது. குரல்தான் அரை நொடி தாமதமாக வந்தது. என் கழுத்தை உற்றுப் பார்த்துவிட்டு, "அந்த அட்டிகையைப் போட்டுக்கொண்டு வா" என்றார்கள். அதை அம்பை பீரோவிலேயே விட்டுவிட்டு வந்ததை நான் இன்னும் சொல்லவில்லை. நீங்களும் சொல்லாதீர்கள், மதினி.

அப்பா, 7:43
மதினி, பையனிடம் நான் நன்றி சொன்னதாகச் சொல்லுங்கள். எங்கள் தொலைபேசித் துறையில் ஓர் எண் என்றால் அது ஒரே எண்தான். கருவியே தன் பெயரை மாற்றிச் சொல்லும் காலம் வரும் என்று நாங்கள் நினைக்கவில்லை.

பெரியம்மா, 7:45
பக்கத்தில்தான் நிற்கிறான், சொல்லிவிட்டேன். நாளை ஐந்தரை மணிக்கே வந்து, டேப்லெட்டைத் தலையணை மேல் சாய்த்து வைத்து, அழைப்பு துண்டிக்கப்பட்டால் மீண்டும் போட்டுக்கொடுப்பதாகச் சொல்கிறான். அவனுடைய கைபேசிக்கும் இரண்டாங்கட்டில் சிக்னல் கிடைக்காது. அதையும் பட்டியலில் சேர்ப்பது பற்றி உங்கள் எண்ணம் என்ன?

நான், 7:52
அப்பா இணைப்பில்தான் இருக்கிறார் என்று திரை காட்டுகிறது.

அப்பா, 7:55
ரூட்டரின் பட்டியலை வீட்டு வைஃபைக்குள் இருந்துகொண்டுதான் திருத்த முடியும், மதினி. ஊருக்கு வந்ததும் செய்யலாம்.

பெரியம்மா, 7:56
செய்யலாமா, செய்வீர்களா?

பெரியப்பா, 7:58
நாளைக்கு மண்டபத்தில் கைபேசியைப் பிடித்துக்கொண்டு நிற்கப் போவது யார் என்று இன்னும் ஒருவரும் சொல்லவில்லையே?

அம்மா, 7:59
மாலைக்காரர் விடுதி வாசலுக்கு வந்துவிட்டார். இரண்டு ஜோடி கேட்டோம். ஒரு ஜோடிதான் கொண்டுவந்திருக்கிறார். தயவுசெய்து எல்லோரும் கைபேசியை வைத்துவிட்டுக் கீழே இறங்கி வாருங்கள்.