சூடேறினதும் நிண்டுபோற பைக்: எஞ்சினுக்குப் போர் அடிக்கத்தான் வேணுமோ?

வணக்கம் அண்ணாமார், தம்பிமார். பழைய 100 சிசி பைக் ஒண்டு வாங்கினனான், காபரேட்டர் வண்டி. காலமை ஒரு உதையில ஸ்ராட் வருது. மாங்குளத்தில இருந்து ஒட்டுசுட்டான் போய்ச் சேர முதலே எஞ்சின் சூடேறி, இழுவை குறைஞ்சு நிண்டுடுது. மர நிழலில ஆறவிட்டா ஒண்டும் நடக்காத மாதிரி திரும்ப ஓடுது.

நிண்ட இடத்திலயே டாங்கி மூடியைத் திறந்து பார்த்தன், காத்து இழுக்கிற சத்தமில்லை, அப்ப மூடியின்ர காத்துத் துளை அடைபடேல்ல. பெற்றோலும் காபரேட்டருக்கு ஒழுங்கா இறங்குது. மூடியைப் பூட்டிப்போட்டு, பிளக்கைக் கழற்றி எஞ்சினில முட்டவைச்சு உதைச்சா, சூட்டில நெருப்பு (ஸ்பார்க்) மங்கி மஞ்சளா வருது. ஆறினா நல்ல நீலம். புதுப் பிளக் போட்டும் அதேதான்.

கராஜில பிஸ்டன் றிங் போயிட்டுது, போர் அடிக்கவேணும் (சிலிண்டரைக் கடைஞ்சு பெருப்பிக்கவேணும்) எண்டினம். ஆனா நீலப்புகை இல்லை, ஓயிலும் குறையேல்ல. எனக்கெண்டா பிளக்குக்குக் கரண்ட் குடுக்கிற இக்னிஷன் கொயிலிலதான் சந்தேகம். கொயில், பல்சர் (நெருப்பு விழவேண்டிய நேரத்தைக் காட்டுற சின்னக் கொயில்), சிடிஐ (அந்த நேரத்துக்கு நெருப்பை விடவைக்கிற மின்பெட்டி) மூண்டில எது சூட்டில விடுதெண்டு மீற்றர் வைச்சு எப்பிடிப் பிடிக்கிறது? வால்வு இடைவெளி இறுகினாலும் நெருப்பு இப்பிடி மங்குமோ?

கிளிநொச்சி, புதுக்குடியிருப்புப் பக்கம் வயரிங் நல்லாத் தெரிஞ்ச ஆக்கள் இருந்தாச் சொல்லுங்கோ. காலபோக விதைப்பு வருது, வயலுக்குப் போக எனக்கு வேற வாகனமில்லை.