கவாசாகி நோய் ஆய்வில் பிள்ளையைச் சேர்த்தவர்கள் இருக்கிறீர்களா?

வணக்கம். கோலாலம்பூர், செந்தூலில் இருக்கிறோம். மூன்று வயது மகனுக்குப் போன மாதம் ஐந்து நாளாகக் காய்ச்சல் விடவே இல்லை. கண் சிவந்து, உதடு வெடித்து, நாக்கு ஸ்ட்ராபெரி போல ஆனது. கவாசாகி நோய் என்றார்கள்; சின்னப் பிள்ளைகளுக்கு ரத்தக்குழாய்களில் அழற்சி உண்டாக்கும் நோயாம். பத்து நாளுக்குள் இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்புப் புரத மருந்தை ஏற்றிவிட்டார்கள். இதய ரத்தக்குழாயில் லேசான விரிவுதான்; இப்போது தினமும் ஆஸ்பிரின்.

இப்படிப்பட்ட பிள்ளைகளைப் பல வருடம் தொடர்ந்து கவனிக்கும் ஆய்வில் சேர்க்கலாமா என்று டாக்டர் கேட்கிறார். இதயத்தைப் பார்க்கும் எக்கோ ஸ்கேன், கொஞ்சம் ரத்தம், அவ்வளவுதான். புது மருந்து கிடையாது. எனக்குச் சம்மதம். 1967இல் டாக்டர் தோமிசாகு கவாசாகி 50 குழந்தைகளைக் கவனித்து எழுதியதில்தான் இந்த நோய் வெளியே தெரிந்தது. நாலு நாள் ஏற்றிவந்த இம்யூனோகுளோபுலினை ஒரே தடவையில் ஏற்றினால் இன்னும் நல்லது என்று காட்டியதும் 1991இல் வந்த ஓர் ஆய்வு. யார் யாரோ பெற்ற பிள்ளைகள் அதில் இருந்ததால்தான் என் பிள்ளை இன்று ஓடி விளையாடுகிறான்.

ஆனால் அத்தை, "பச்சப் பிள்ளையை வைத்துச் சோதனையா?" என்று அழுகிறார். அவர் பயம் நியாயம்தான்.

சேர்த்தவர்கள் சொல்லுங்கள்: பாதியில் விலகினாலும் சிகிச்சை மாறாது என்கிறார்களே, அப்படித்தான் நடந்ததா? அப்புறம், சம்மதப் பாரம் மலாயிலும் ஆங்கிலத்திலும்தான் இருக்கிறது. அத்தைக்குத் தமிழில் பொறுமையாக விளக்க, தாதியாக இருப்பவர் யாராவது வீட்டுக்கு வர முடியுமா? வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும்.