பிக்கப் வண்டியில் ட்வீட்டரை எங்கே மாட்டுவது?

மண்டபத்தில் இருந்து ராமநாதபுரத்துக்குத் தினமும் மீன் ஏற்றிப் போகும் பொலேரோ பிக்கப், 2019 மாடல். கதவு ஸ்பீக்கரோடு சேர்க்க போன மாதம் ஒரு ஜோடி ட்வீட்டர் (உச்ச ஸ்தாயி சத்தத்துக்கான சின்ன ஸ்பீக்கர்) வாங்கினேன். 1 அங்குல சில்க் டோம், 4 ஓம், கனமான சத்தத்தைத் தடுக்க வயரிலேயே 4.7 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் இருக்கிறது. மாட்டும் இடம்தான் பிடிபடவே இல்லை.

முதலில் டேஷ்போர்டின் இரண்டு மூலையிலும் முன்கண்ணாடியைப் பார்த்த மாதிரி ஒட்டினேன். சத்தம் கண்ணாடியில் பட்டுத் திரும்பி, பாட்டில் வரும் 'ஸ', 'ச' எல்லாம் காதைக் கிழிக்கிறது, நாகஸ்வரம் கேட்கவே முடியவில்லை. போதாததற்கு வெயிலில் டபுள் டேப் இளகி, உச்சிப்புளி தாண்டும்போது ஒன்று கழன்று விழுந்துவிட்டது. அப்புறம் ஏ பில்லரில் (முன்கண்ணாடிக்குப் பக்கத்துத் தூண்) கேபிள் டை போட்டுக் கட்டிப் பார்த்தேன், வலது ட்வீட்டர் என் காதுக்கு ரொம்பப் பக்கம், பாடகர் வலது ஜன்னலுக்கு வெளியே நின்று பாடுவது போல இருக்கிறது. பேலன்ஸை இடது பக்கம் தள்ளினால் கதவு ஸ்பீக்கரும் சேர்ந்தே குறைகிறது. ஒரு பக்க ட்வீட்டருக்கு மட்டும் பிளஸ் மைனஸ் வயரை மாற்றியும் பார்த்தாயிற்று, சரிவரவில்லை. கதவின் கீழே வைத்தால் முழங்கால் மறைக்கிறது.

மிச்சம் இருப்பது பக்கக் கண்ணாடிக்கு உள்பக்கம் உள்ள முக்கோண பிளாஸ்டிக்தான். ஜன்னலைத் திறந்தே ஓட்டுகிறவன், உப்புக்காற்று நேராக அதில்தான் அடிக்கும், ஸ்க்ரூ துருப்பிடிக்காமல் இருக்க எவர்சில்வர் ஸ்க்ரூ வாங்கி வைத்திருக்கிறேன். ஓட்டை போட்டால் திரும்ப மூட முடியாது என்பதால் கை வரவில்லை.

பிக்கப்பில் அந்த முக்கோணத்தில் மாட்டியவர்கள் சொல்லுங்கள்: ட்வீட்டரை எந்தப் பக்கம் பார்க்கத் திருப்பி வைத்தீர்கள்?