மண் கையெறி குண்டு: உப்புப் பூக்கிறது, கழுத்து உடைந்திருக்கிறது. எப்படிச் சரிசெய்வது?

திருவான்மியூர்வாசி
வணக்கம். ஏலத்தில் ஒரே லாட்டாக வந்தவை இரண்டு. ஒன்று, கீழே கூம்பாக முடியும் உருண்டையான சாம்பல் நிற மண் குடுவை. 12 செ.மீ. உயரம், தடித்த சுவர், வாயில் சுண்டுவிரல்கூட நுழையாது. சிரியாவைச் சேர்ந்த இடைக்காலக் கையெறி குண்டு என்று சீட்டில் எழுதியிருக்கிறது. உடைந்த கழுத்தை யாரோ ஃபெவிக்விக் போட்டு ஒட்டியிருக்கிறார்கள். வெள்ளை உப்பைத் துடைத்தாலும் திரும்ப வருகிறது. மற்றது ஜப்பானியப் பீங்கான் குண்டு, ரப்பர் மூடியோடு. இரண்டையும் சுத்தம் செய்து ஷோகேஸில் வைக்க வேண்டும்.

சூளைமண்
முதலில் ஜப்பான் குண்டு. அதைத் தொடாதீர்கள். இரண்டாம் உலகப்போரின் கடைசிக் கட்டத்தில் உலோகத் தட்டுப்பாடு வந்தபோது பீங்கான் சூளைகளில் சுட்ட ரகம் அது. ரப்பர் மூடி இருக்கிறது என்றால் உள்ளே வெடிமருந்தும் அப்படியே இருக்கலாம். பற்றவைக்கும் பகுதி உரசலில் வேலை செய்வது, 80 வருடப் பழைய ரசாயனம் வேறு. மூடியைத் திருகுவது, குலுக்கிப் பார்ப்பது, தண்ணீரில் ஊறவைப்பது எதுவும் வேண்டாம். ஆட்டோவில் வைத்து ஸ்டேஷனுக்கு எடுத்துப் போகவும் வேண்டாம். அறையைப் பூட்டி, எல்லோரும் வெளியே வந்து 112க்குச் சொல்லுங்கள். வெடிகுண்டுப் பிரிவினர் வந்து பார்ப்பார்கள். 'செயலிழந்தது' என்று விற்றவர் எழுதிக் கொடுத்த சீட்டுக்கு மதிப்பில்லை. கழுத்து திறந்து, உள்சுவர் வெறுமையாகக் கண்ணுக்குத் தெரிவதை மட்டும்தான் வாங்க வேண்டும்.

ஓட்டுத்துண்டு
மண் குடுவைக்கு வருகிறேன். இந்த வடிவம் எகிப்திலிருந்து மத்திய ஆசியா வரை கிடைக்கிறது. எல்லாமே குண்டு என்று சொல்ல முடியாது. பாதரசம், வாசனைத் தைலம், பீர் என்றெல்லாம் வாதங்கள் உண்டு. ஜெருசலேமில் கிடைத்த நான்கு குடுவைத் துண்டுகளின் கசட்டை ஆராய்ந்து 2022இல் வெளியான கட்டுரை, அவற்றில் ஒன்றில் வெடிபொருள் இருந்திருக்கலாம் என்றது. ஆகவே உட்புறக் கசடுதான் இதில் விலைமதிப்புள்ள பகுதி. கையுறை போட்டு, கொஞ்சத்தைச் சுரண்டிக் கண்ணாடிக் குப்பியில் எடுத்து வைத்த பிறகே தண்ணீர் படட்டும். உள்ளே வெள்ளித் துளி உருண்டால் அது பாதரசம். வேலையை அங்கேயே நிறுத்துங்கள்.

உப்பு ஏன் திரும்பி வருகிறது? சாப்பாட்டு உப்பு 75 சதவீத ஈரப்பதத்துக்கு மேல் கரைகிறது, கீழே இறங்கினால் படிகமாகிறது. கடலோர வீட்டில் இரவெல்லாம் ஏசி, பகலில் ஜன்னல் திறப்பு என்றால் ஈரப்பதம் இந்த எல்லையைத் தினமும் கடக்கிறது. ஒவ்வொரு படிகமும் மேல்தோலை உள்ளிருந்து தள்ளும். துடைத்துப் பயனில்லை, ஊறவைத்து எடுக்க வேண்டும். வினிகர், ஆசிட் வேண்டவே வேண்டாம். மண்ணில் சுண்ணாம்பு இருந்தால் அதையே தின்றுவிடும்.

போர்வெல் தண்ணீர் ஆகாது, ஆர்.ஓ. தண்ணீரும் போதாது. இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் சரி, கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டரில் 5 பிபிஎம்முக்குக் கீழே காட்டினால். மேல்தோல் உரிந்தால் ஊறவைக்கும் முன் பாரலாய்டு பி-72ஐ (திரும்பக் கரைத்து எடுக்கக்கூடிய அக்ரிலிக் பிசின்) அசிட்டோனில் 5 சதவீதமாகக் கரைத்துத் தடவிக் காயவிடுங்கள். பிளாஸ்டிக் டப்பாவில் மூழ்க வைத்து முதல் வாரம் தினமும் தண்ணீர் மாற்றுங்கள், பிறகு இரண்டு நாளுக்கு ஒருமுறை. 24 மணி நேரத்தில் மீட்டர் ஏறாமல் நின்றால் போதும். வெயிலில் வைக்காமல் நிழலில் மெதுவாகக் காயட்டும்.

பிசின்பாட்டில்
ஒட்டும் பகுதியை நான் சொல்கிறேன். பழைய ஃபெவிக்விக்கைக் கத்தியால் நெம்பினால் மண்ணோடு பெயரும். மூடிய கண்ணாடி ஜாடியில் அசிட்டோன் நனைத்த பஞ்சோடு வைத்தால் ஆவியிலேயே இளகும். அடுப்புப் பக்கம் வேண்டாம், தீப்பிடிக்கும். இதை ஊறவைப்பதற்கு முன்பே முடியுங்கள்.

புதிதாக ஒட்ட எல்லோரும் பி-72 என்பார்கள். சென்னையில் அதில் ஒரு சிக்கல். அந்தப் பிசின் சுமார் 40 டிகிரியில் இளகத் தொடங்கும், கத்திரி வெயிலில் மூடிய ஷோகேஸ் அந்தச் சூட்டைத் தாண்டிவிடும். கனமான கழுத்து மெல்லச் சரியும். அதனால் மூன்று பங்கு பி-72க்கு ஒரு பங்கு பி-48என் (அதே வகைப் பிசின், இன்னும் சூடு தாங்கும்) கலப்பது நல்லது. விளிம்பில் முதலில் 5 சதவீதக் கரைசல் பூசிக் காயவிட்டு, பிறகு கெட்டியான பிசின் வைத்து மணல் தட்டில் நிமிர்த்தி வையுங்கள். மழை நாளில் ஒட்டினால் அசிட்டோன் குளிர்ந்து, ஈரம் படிந்து, பிசின் வெளுத்துப் போகும். அரால்டைட், எம்-சீல் இரண்டும் திரும்பப் பிரிக்க வராது.

திருவான்மியூர்வாசி
112க்குச் சொல்லிவிட்டேன், வந்துகொண்டிருக்கிறார்கள். மண் குடுவைக்குச் சட்டப்படி ஏதாவது செய்ய வேண்டுமா?

சூளைமண்
ஏல ரசீதைப் பத்திரமாக வையுங்கள். 100 வருடம் தாண்டியது என்றால் 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் பொருந்தலாம், தனியார் வெளிநாட்டுக்கு விற்று அனுப்ப முடியாது. பதிவு தேவையா என்று தொல்லியல் துறைப் பதிவு அலுவலரிடம் கேளுங்கள். சிரியாவிலிருந்து போர்க்காலத்தில் கடத்திய தொல்பொருள்களின் வணிகத்துக்கு ஐ.நா. பாதுகாப்பு அவை 2015இல் தடை போட்டது. உங்கள் குடுவை எப்போது சிரியாவைவிட்டு வெளியே வந்தது என்பதற்கு ஏல நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வாங்கும் வரை ஒட்டும் வேலையைத் தள்ளிப்போடலாம். உப்பு எடுப்பதைத் தள்ளிப்போட வேண்டாம்.