இரண்டு நம்பை அரேக்கள் ஒன்றுதானா என்று பார்ப்பது எப்படி?

கேள்வி:
பைத்தானில் ஒரே கணக்கை இரண்டு விதமாகப் போடுகிறேன், கிடைக்கும் இரண்டு அரேக்களும் (எண் வரிசைகள்) உறுப்புக்கு உறுப்பு ஒன்றா என்று பார்க்க வேண்டும். சாதாரண லிஸ்ட்டாக இருந்தவரை இஃப் போட்டு == வைத்தாலே போதுமாக இருந்தது. எண் கணக்குக்கான நம்பை நூலகத்துக்கு மாறியதும் அதே வரியில் வேல்யூ எரர். ஃபார் லூப் போட்டால் ஓடுகிறது, ஆனால் பத்து லட்சம் உறுப்புகளுக்கு ஆமை வேகம். எந்த இடத்தில் மாறுகிறது என்றும் தெரிய வேண்டும்.

பதில் 1:
லிஸ்ட்டில் == மொத்தத்துக்கும் ஒரே பதில் சொல்லும். நம்பையில் ஒவ்வோர் இடத்துக்கும் தனித்தனி ட்ரூ, ஃபால்ஸ் வரும், அத்தனையில் எதை எடுப்பது என்று தெரியாமல்தான் இஃப் திணறுகிறது. கடைசியில், எல்லாமே ட்ரூவா என்று பார்க்கும் ஆல் சேர்த்துவிடுங்கள், முடிந்தது.

பதில் 2:
முடியவில்லை. [5, 5, 5]-ஐயும் [5]-ஐயும் அப்படி ஒப்பிட்டுப் பாருங்கள், ட்ரூ என்றுதான் வரும், ஏனென்றால் ப்ராட்காஸ்டிங் அந்த ஒற்றை 5-ஐ மூன்று இடத்துக்கும் நீட்டிவிடும். அரே_ஈக்வல் என்ற ஃபங்ஷன் முதலில் ஷேப்பை, அதாவது அரேயின் அளவைப் பார்க்கும், அதனால் இந்த வம்பு இல்லை.

பதில் 3:
முழு எண் என்றால் அரே_ஈக்வல் சரி. தசம எண்ணா? கணினியில் 0.1 + 0.2 என்பதே 0.3-க்குச் சமம் இல்லை, இரண்டு வழியில் போட்ட கணக்கு கடைசி இலக்கம் வரை ஒத்துப்போகும் என்று நம்பாதீர்கள். கிட்டத்தட்டச் சமமா என்று பார்க்கும் ஆல்க்ளோஸ் போடுங்கள், ஆனால் இதுவும் ப்ராட்காஸ்ட் செய்யும், ஷேப்பை நீங்களே முதலில் பார்க்க வேண்டும். அப்புறம், நாம் எதுவும் கொடுக்காவிட்டால் 0.00000001 வரை வித்தியாசத்தை அது எப்படியும் விட்டுவிடும். உங்கள் எண்களே அதைவிடச் சின்னது என்றால் எல்லாமே சமம் என்று சொல்லும், அப்போது அந்த வரம்பான ஏடோல் மதிப்பைக் குறைத்துக் கொடுங்கள். இடம் தெரிய, ஒவ்வோர் இடத்துக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லும் ஐஸ்க்ளோஸ், அதில் ஃபால்ஸ் வரும் இண்டெக்ஸை எடுத்தால் போதும்.

கேள்வி கேட்டவர்:
தசம எண்தான். ஐஸ்க்ளோஸ் ஓட்டினேன், நான்கு இடம் மட்டும் ஃபால்ஸ். அந்த நான்கிலும் இரண்டு பக்கமும் நேன் (எண் அல்ல என்ற குறி) இருக்கிறது, அப்படியானால் சமம்தானே?

பதில் 3:
நேன் தனக்குத்தானே கூடச் சமம் இல்லை, கணினியில் தசம எண்களுக்கான ஐஇஇஇ 754 தரத்தின் விதி அப்படி. ஈக்வல்_நேன் ட்ரூ என்று கொடுத்தால் ஃபால்ஸ் போய்விடும். ஆனால் கொடுப்பதற்கு முன்னால் அந்த நான்கு இடத்திலும் பூஜ்யத்தைப் பூஜ்யத்தால் வகுத்து நேனை வரவழைக்கிறீர்களா என்று பாருங்கள்.